தரக் கட்டுப்பாட்டின் தந்தை வால்ட்டர் ஷூவார்ட்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பானைச் சோறு முழுவதையும் உண்டு பார்க்காமல், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே வெந்ததா வேகவில்லையா என்று நம் தாய்மார்கள் சொல்லிவிடுகிறார்கள். புள்ளியியல் மாணவர்கள் கூறெடுப்புப் பற்றிப் படிக்கத் தொடங்கும் நாளில் முதலில் கேட்கும் எடுத்துக்காட்டும் இதுவே.

ஆனால் இப்பழமொழி விடை சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. இன்று வெந்த பதத்திலேயே நாளையும் சோறு வேகுமா? நாளை சற்றே குழைந்துபோனால் அது அடுப்பின் குற்றமா, அரிசியின் குற்றமா, அல்லது எந்த வீட்டிலும் எந்நாளும் நேரக்கூடிய சிறு வேறுபாடுதானா? இந்தக் கேள்வியை ஒரு பெரிய தொழிற்சாலையின் நடுவே நின்று கேட்டவர் ஒருவர். அதற்கு விடை காண ஒரு தாளும் அதன்மேல் மூன்று கோடுகளும் போதும் என்று காட்டியவரும் அவரே. அவர்தாம் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் வால்ட்டர் ஆண்ட்ரூ ஷூவார்ட். அவருடைய வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் நியூ கான்டன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1891ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஷூவார்ட் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைப் பெற்றார். 1914இல் எட்னா ஹார்ட் என்னும் மங்கையை மணந்தார். பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1917இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவர் புள்ளியியல் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர் என்பது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி. இவர் இயற்பியலார். ஆய்வுக்கூடத்தில் ஒரே கம்பியின் தடிமனைப் பத்து முறை அளந்தால் பத்து விடைகள் கிடைக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர். அளவைகள் வேறுபடுவது இயற்கை என்ற தெளிவு, தொழிற்சாலைக்குள் கால் வைக்கும் முன்னரே அவருக்கு இருந்தது. அந்தத் தெளிவே பின்னாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

தொலைபேசித் தொழிலில்

1918இல் ஷூவார்ட் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். பெல் தொலைபேசி நிறுவனத்துக்கு வேண்டிய கருவிகளை எல்லாம் செய்து தந்தது இந்நிறுவனமே. சிகாகோ நகரின் அருகே ஹாதார்ன் என்னுமிடத்தில் அமைந்த அதன் தொழிற்சாலையில், அது உச்சநிலையில் இருந்த காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர்.

தொலைபேசிக் கருவிகளில் ஒரு சிக்கல் உண்டு. பல பகுதிகள் மண்ணுக்கடியில் புதைக்கப்படுபவை. ஒரு சிறு பகுதி பழுதானாலும் தோண்டி எடுத்துப் பழுது பார்க்க வேண்டும், செலவோ மிகுதி. ஆகவே பொருள்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்க வேண்டும் என்று நிறுவனத்தார் பெரிதும் முயன்றனர். செய்து முடித்த பொருள்களைச் சோதனையாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை ஒருபுறமும் கெட்டதை மறுபுறமும் ஒதுக்குவதே அக்கால வழக்கம். ஆனால் கெட்ட பொருளை ஒதுக்கினால், அது கெட்டுப்போகக் காரணமான ஒன்று ஒதுங்கிவிடுமா?

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. அளவு சற்றுக் கூடியதும் எந்திரத்தைச் சற்றுக் குறைத்து வைப்பதும், குறைந்ததும் கூட்டி வைப்பதும் எங்கும் காணப்படும் பழக்கம். இது பொறுப்புணர்வின் அடையாளம் போலவே தோன்றும். கணக்கோ வேறு சொல்கிறது. நிலையாக ஓடும் எந்திரத்தை ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் அதன் பிழையளவுக்கே திருத்திக்கொண்டிருந்தால், அளவைகளின் மாறுபாட்டளவு இருமடங்காகிறது. திட்ட விலக்கம் ஏறத்தாழ 41 விழுக்காடு பெருகுகிறது. சீராக்க எண்ணிச் செய்யும் செயலே சீர்குலைக்கிறது! அப்படியானால் எப்போது கை வைப்பது, எப்போது கை வைக்காமல் இருப்பது? இதுவே ஷூவார்ட்டின் முன் நின்ற பெருங்கேள்வி.

ஒரு பக்கக் குறிப்பு

1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், ஷூவார்ட் தம் மேலதிகாரியான ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பாருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் நீளம் ஒரே பக்கம். அந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒரு படம் நிரப்பியிருந்தது. உலகின் முதல் கட்டுப்பாட்டு வரைபடம் அதுவே. அதன் நூற்றாண்டு 2024இல் நிறைவுற்றது.

அவ்வரைபடத்தின் கருத்து மிக எளியது. அளவைகளில் காணும் வேறுபாடுகளுக்கு இருவகைக் காரணங்கள் உள்ளன. ஒருவகை தற்செயல் காரணங்கள். காற்றின் ஈரம், மூலப்பொருளின் சிறு மாற்றம், கையின் நடுக்கம் எனப் பல சிறு காரணங்கள் கூடி எப்போதும் ஏற்படுத்தும் வேறுபாடு இது. இவற்றுள் எந்த ஒன்றையும் தனியே சுட்டிக் குற்றம் சொல்ல இயலாது. மற்றொருவகை குறிப்பிடத்தக்க காரணங்கள். தேய்ந்த உளி, தவறான கலவை, புதிதாக வந்த தரங்குறைந்த மூலப்பொருள் போன்றவை இவ்வகையின. தேடினால் இவை அகப்படும்; அகப்பட்டால் நீக்கலாம்.

வரைபடத்தில் நடுவே ஒரு மையக் கோடு, மேலே ஒரு மேல் எல்லை, கீழே ஒரு கீழ் எல்லை. எல்லைகளுக்குள் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் தற்செயல் காரணங்களே வேலை செய்கின்றன. எந்திரத்தைத் தொட வேண்டா. ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் குறிப்பிடத்தக்க காரணம் ஒன்று நுழைந்துள்ளது. உடனே தேட வேண்டும்.

எல்லைகளை மையத்திலிருந்து மூன்று திட்ட விலக்கத் தொலைவில் அவர் அமைத்தார். இயல்நிலைப் பரவலில் அவற்றுக்கு வெளியே விழுவன ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு என்பது நாம் படித்ததே. ஆயினும் ஷூவார்ட் இந்த நிகழ்தகவை முதன்மையாகக் கொள்ளவில்லை. வீணாகத் தேடி அலையும் செலவு ஒருபுறம். தேட வேண்டிய நேரத்தில் தேடாமல் விடும் இழப்பு மறுபுறம். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, நடைமுறையில் சிக்கனமானது என்றே மூன்றைத் தேர்ந்தார்.

ஆய்வும் நூலும்

1925இல் பெல் ஆய்வுக்கூடங்கள் தோன்றியபோது ஷூவார்ட் அங்கே சென்றார். 1956இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். மாதிரிச் சோதனை அட்டவணைகளால் புகழ்பெற்ற டாட்ஜ், ரோமிக் ஆகியோரும் அங்கே அவருடைய உடன்பணியாளர்களாக இருந்தனர்.

எதையும் செய்து பார்த்தே நம்பும் இயல்புடையவர் ஷூவார்ட். எண்கள் எழுதிய சில்லுகளை ஒரு கிண்ணத்தில் இட்டுக் கலக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருப்பிப் போட்டு, நான்கு நான்காக ஆயிரம் கூறுகள் எடுத்தார். இயல்நிலைப் பரவலுக்கு ஒரு கிண்ணம், செவ்வகப் பரவலுக்கு ஒன்று, முக்கோணப் பரவலுக்கு ஒன்று என மூன்று கிண்ணங்கள் வைத்திருந்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாலேயே நிகழ்த்திய பெருஞ்சோதனை இது.

1931இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. தயாரிப்புப் பொருள்களின் தரத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்துவது பற்றிய நூல் அது. அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டு இன்றும் பாடநூல்களில் பேசப்படுகிறது. மின்காப்புப் பொருளொன்றின் மின்தடையை அளந்த 204 அளவைகள் அவை. வரிசை குலையாமல் அவற்றை நான்கு நான்காகப் பிரித்து, 51 சராசரிகளைக் கணக்கிட்டு வரைபடத்தில் குறித்தார். பல புள்ளிகள் எல்லைக்கு வெளியே கிடந்தன. காரணங்களைத் தேடி நீக்கினர். மீண்டும் அளந்தபோது புள்ளிகள் யாவும் எல்லைகளுக்குள் அடங்கின.

இந்த எடுத்துக்காட்டில் நாம் காண வேண்டியது வரிசை. அதே 204 எண்களைக் குலுக்கிப் போட்டு அலைவெண் பரவல் வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஆனால் என்று, எப்போது மாற்றம் வந்தது என்ற செய்தி மறைந்துபோகும். சராசரியும் திட்ட விலக்கமும் காலத்தை அறியா. ஷூவார்ட்டின் வரைபடம் காலத்தை அறியும். அவருடைய பணியின் உயிர்நாடி இதுவே எனலாம்.

1932இல் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அங்கே ஈகான் பியர்சன் இக்கருத்துகளில் ஆர்வங்கொண்டு, 1935இல் பிரித்தானியத் தர நிறுவனத்துக்காக ஒரு நூல் எழுதினார். அமெரிக்க வேளாண் துறையின் பட்டப்படிப்புப் பள்ளியில் 1938இல் ஷூவார்ட் ஆற்றிய சொற்பொழிவுகளை டெமிங் என்னும் அறிஞர் பதிப்பித்து, 1939இல் நூலாக்கினார். இதே டெமிங்தான் 1950இல் ஜப்பான் சென்று, போரில் நலிந்திருந்த அந்நாட்டுத் தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஷூவார்ட்டின் கருத்துகளைக் கற்பித்தவர்.

ஒற்றை அளவைகளுக்கு வரைபடம்

ஷூவார்ட் நான்கு நான்காகத் தொகுத்தார். தொகுப்பதற்கு நான்கு இல்லையென்றால் என் செய்வது? ஒரு வேதித் தொழிற்சாலையில் நாளுக்கு ஒரு தொட்டிக் கரைசல்தான் தயாராகிறது என்று கொள்வோம். தொட்டி நன்கு கலக்கப்பட்டது. நான்கு குவளை எடுத்து அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். அந்த வேறுபாடு அளக்கும் கருவியின் வேறுபாடேயன்றித் தயாரிப்பின் வேறுபாடு ஆகாது. எனவே நாளுக்கு ஓர் எண்ணே உண்மைச் செய்தி.

இந்த இடரைத் தீர்க்க, இங்கிலாந்தில் ஜெனட் என்பார் 1942இல் ஒரு வழி சொன்னார். அடுத்தடுத்த இரண்டு அளவைகளின் வேறுபாட்டை நகரும் வீச்சு எனக் கொண்டு, அதிலிருந்து எல்லைகளை அமைப்பதே அவ்வழி. ஷூவார்ட் நட்ட மரத்தின் ஒரு கிளை இது. இதை அமைக்கும் முறையை எடுத்துக்காட்டால் காண்போம். தொடக்கத்தில் இருபது அளவைகளேனும் இருப்பது நலம். விளக்கம் கருதிப் பத்தே எண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

பத்து நாள் அளவைகள்: 52, 50, 53, 51, 49, 52, 50, 51, 53, 49. இவற்றின் கூட்டுத்தொகை 510, சராசரி 51. இதுவே மையக் கோடு.

அடுத்தடுத்த அளவைகளின் வேறுபாடுகளைக் குறி நீக்கி எழுதினால் 2, 3, 2, 2, 3, 2, 1, 2, 4 என ஒன்பது நகரும் வீச்சுகள் கிடைக்கின்றன. கூட்டுத்தொகை 21, சராசரி 2.33.

இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த இரண்டு அளவைகளின் வீச்சு, சராசரியாகத் திட்ட விலக்கத்தைப்போல் 1.128 மடங்கு இருக்கும். ஆகவே மூன்று திட்ட விலக்கம் என்பது 3ஐ 1.128ஆல் வகுத்து வரும் 2.66ஐச் சராசரி நகரும் வீச்சால் பெருக்கிய தொகையாகும். இங்கே அது 6.2. மேல் எல்லை 57.2, கீழ் எல்லை 44.8. நகரும் வீச்சுக்கும் தனியே ஒரு வரைபடம் உண்டு. அதன் மேல் எல்லை, சராசரி வீச்சைப்போல் 3.267 மடங்கு, இங்கே 7.6.

பதினொன்றாம் நாள் 55 வந்தால்? இதுவரை கண்டவற்றுள் அதுவே பெரிது. மேலாளர் பதறக்கூடும். வரைபடமோ பதற வேண்டா என்கிறது. பின்னொரு நாள் 59 வந்தால் தேடத்தான் வேண்டும்.

திட்ட விலக்கத்தை நேரடியாகக் கணக்கிட்டால் என்ன என்று நம் மாணவ நண்பர்கள் கேட்கலாம். வகுப்பில் படித்த சூத்திரம் கையில் இருக்க, இந்த நகரும் வீச்சு எதற்கு? இதோ விடை. பன்னிரண்டு நாள் அளவைகள் 50, 51, 49, 50, 51, 49, 62, 63, 61, 62, 63, 61 என்று இருக்கட்டும். ஏழாம் நாள் ஏதோ நேர்ந்துவிட்டது என்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்தப் பன்னிரண்டின் சராசரி 56. திட்ட விலக்கம் 6.32. மூன்று மடங்கு எடுத்தால் எல்லைகள் 37, 75. எல்லாப் புள்ளிகளும் உள்ளே அடங்கிவிடுகின்றன! மாற்றமே திட்ட விலக்கத்தைப் பெருக்கி, அந்தப் பெருத்த எல்லைக்குள் தானே ஒளிந்துகொள்கிறது. நகரும் வீச்சு முறையிலோ சராசரி வீச்சு 2.45, எல்லைகள் 49.5, 62.5. முதற்பகுதியின் 49களும் பிற்பகுதியின் 63களும் வெளியே நின்று கூவுகின்றன. ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையிலான 13 என்னும் வீச்சும் அதன் எல்லையான 8ஐத் தாண்டிவிடுகிறது. அளவைகளின் வரிசையை மதிக்கும் முறைக்கும் மதிக்காத முறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இவ்வரைபடம் அமைப்போர் சில செய்திகளை மறத்தலாகாது. அளவைகளைக் கால வரிசையிலேயே எழுத வேண்டும். வாங்குவோர் கேட்கும் எல்லை வேறு, கட்டுப்பாட்டு எல்லை வேறு. முன்னது விருப்பம், பின்னது எந்திரத்தின் இயல்பு. அளவுகோல் போதிய நுட்பமுடையதாக இருக்க வேண்டும். பல வேறுபாடுகள் சுழியமாகவே வருமாயின் எல்லைகள் நம்பத்தக்கன அல்ல. இன்னொன்று, சிறிய மாற்றங்களை ஒற்றை அளவை வரைபடம் விரைவில் காட்டுவதில்லை. ஆகவே எல்லைக்குள் இருந்தாலும் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து மையக் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் அதையும் அறிகுறியாகக் கொள்வது வழக்கம். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1956இல் வெளியிட்ட கையேட்டில் இத்தகைய விதிகள் தொகுக்கப்பட்டன.

இந்தியாவில் ஷூவார்ட்

நம் நாட்டுக்கும் ஷூவார்ட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ் அவரை அழைத்தார். 1947-48இல், விடுதலை பெற்ற சில திங்களுக்குள், ஷூவார்ட் இந்தியா வந்தார். பல இடங்களுக்கும் சென்று மாநாடுகளில் கலந்துகொண்டு, தொழிலதிபர்களிடையே தரக் கட்டுப்பாட்டில் ஆர்வத்தை விதைத்தார். புதிதாகத் தொழில் வளர்க்க முனைந்த நாட்டுக்குப் பெருஞ்செலவில்லாத இக்கருவி மிகவும் வேண்டியதாக இருந்தது. 1953 முதல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொழில் நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளை நிறுவியது. பின்னாளில் சென்னையிலும் கோவையிலும் அத்தகைய பிரிவுகள் இயங்கின.

இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1962இல் தன் முதல் பட்டமளிப்பு விழாவில் ஷூவார்ட்டுக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. அவ்விழாவில் அப்பெருமை பெற்ற ஏனையோருள் பிஷரும் நம் நாட்டு இயற்பியல் மேதை சத்தியேந்திர நாத் போசும் இருந்தனர் என்றால், ஷூவார்ட்டுக்கு அளிக்கப்பட்ட இடம் எத்தகையது என்பது விளங்கும்.

பெருமைகளும் இறுதிக்காலமும்

கணிதப் புள்ளியியல் கழகத்துக்கும் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுக் கழகம் அவரைத் தன் முதல் மதிப்புறு உறுப்பினராக்கியது. அவர் பெயரால் ஒரு பதக்கத்தையும் நிறுவியது. அவர் பதிப்பாசிரியராக இருந்து வளர்த்த கணிதப் புள்ளியியல் நூல்வரிசை, பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன் தந்தது. அவருடைய எழுத்து எளிதில் விளங்காது; ஆனால் அவர் தந்த கருவியை அரைநாளில் ஒரு தொழிலாளி கற்றுக்கொள்ள முடியும். அறிஞர் பலருக்கு வாய்க்காத பேறு இது.

1967ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஷூவார்ட் காலமானார். தம் எழுபத்தாறாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருந்தது.

நமக்கு அவர் சொல்வது

கட்டுப்பாட்டு வரைபடம் தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. திங்கள் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தவுடன் மாணவனை வைவதும், அடுத்த திங்கள் மூன்று கூடியவுடன் வைததால்தான் கூடியது என்று மகிழ்வதும் நாம் அன்றாடம் காண்பவை. தற்செயல் காரணத்தால் நேர்ந்த வேறுபாட்டுக்காகத் தொழிலாளியின் கூலியைப் பிடிப்பதும் அத்தகையதே. ஏழை ஒருவன் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படுகிறான். உண்மையான குற்றம் இருக்கும் நாளிலோ எவரும் தேடுவதில்லை. இரண்டு தவறுகளையும் ஒருங்கே குறைக்க ஷூவார்ட் வழி சொன்னார்.

ஒன்றைக் கண்டு பதறுவதற்கு முன், அதற்கு முன் வந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் சிறிது பொறுமையும். முன்னிரண்டும் நம் கையில் உள்ளன. மூன்றாவதை வளர்த்துக்கொள்வதே புள்ளியியல் பயிலும் நாம் அப்பேரறிஞருக்குச் செய்யும் நன்றியாகும்.